மாப்பிள்ளை வண்டியில் வேளாங்கண்ணி

பிள்ளைகளை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போகும் வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று எழுத உட்கார்ந்திருக்கும் நான், கடையிலேயே அந்த வண்டிக்குள் மாட்டிக்கொண்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ஏமாந்துபோக வேண்டாம்.

தாம்பரத்தில் ஒரு கடை. "எவ்வளவு எடை தாங்கும்?" என்று கேட்டேன். "நூறு கிலோன்னு போட்டிருக்கு சார்" என்றார் விற்பனைப் பெண். என் எடை எழுபத்தெட்டு. போட்டிருப்பதை எல்லாம் நம்பிவிட முடியுமா என்று நானே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். வண்டி தாங்கியது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. முட்டி இரண்டும் தாடைக்குக் கீழே வந்து நிற்க, இடுப்பு உள்ளே இறங்கிவிட்டது. அந்தப் பெண் ஒரு கையையும், பால் புட்டி வாங்க வந்த ஒருவர் இன்னொரு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். என் மனைவி ஸ்டெல்லா உதவிக்கு வரவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "பிள்ளைங்களுக்கு வாங்குறதுதானே சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பெண் பில் போட்டார்.

வாங்கிய காரணம் இதுதான். மகள் ஜெனிக்கு நாலு வயது, மகன் ஜோயலுக்கு இரண்டு. போன தடவை வேளாங்கண்ணி போனபோது ஒற்றைப் பிள்ளை உட்காரும் சின்னத் தள்ளுவண்டியைக் கொண்டுபோனோம். அதன் சக்கரம் பிஸ்கட் அளவுதான். கடற்கரை மணலில் புதைந்தது. ஒருத்தியைத் தோளிலும், ஒருவனை இடுப்பிலும், வண்டியைத் தலையிலும் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு வகை இருக்கிறது. முன்னால் மட்டும் பிடி வைத்து இழுப்பது ஒன்று. பின்னால் இடுப்பு உயரத்துக்குக் கம்பி வைத்துத் தள்ளவும் முடிவது இன்னொன்று. இரண்டாவது கொஞ்சம் விலை கூட, எங்களுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு ஆனது. இழுப்பதில் ஒரு சங்கடம்: பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. ஜோயல் செருப்பைக் கழற்றித் தெருவில் போடுவதை ஒரு தொழிலாகவே செய்பவன். அதனால் தள்ளும் வண்டியையே எடுத்தோம். சிவப்பு நிறம். அகலச் சக்கரம் நான்கு. எதிரெதிரே இரண்டு இருக்கை, இரண்டுக்கும் பெல்ட். மேலே துணிக்கூரை. பதினோரு கிலோ.

தமிழில் இதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் உருளுவது எல்லாமே வண்டிதான். அங்கேதான் வினை வந்தது.

நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டுகிற வேலை. நாள் முழுக்கக் கார் கதவைத் திறந்து மூடுகிறவன் வீட்டில் இருப்பது பழைய பைக். ஆனால் ஸ்டெல்லாவின் ஊரில், நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில், என் பெயரே 'கார் கம்பெனி மாப்பிள்ளை'. அந்த ஊரில் இருக்கும் என் மாமனார் சவரிமுத்துவுக்குப் போன் செய்து, பொங்கல் லீவுக்கு வருகிறோம் என்று சொன்னேன். அந்தப் பேச்சை அப்படியே தருகிறேன். இதில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

"மாமா, இந்தத் தடவை வண்டியோட வர்றோம். பிள்ளைங்களத் தூக்கிச் சுமக்கிற பாடு இனிமே இல்ல."

"வண்டி வாங்கிட்டீங்களா மாப்ள! சொல்லவேயில்லையே?"

"போன வாரந்தான் எடுத்தோம்."

"என்ன கலரு?"

"சிவப்பு."

"நல்ல கலருதான். உள்ள உக்கார வசதியா இருக்கா?"

"ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காரலாம் மாமா. பெல்ட் இருக்கு. வெயில் இல்லன்னா மேல கூரையக் கழட்டிக்கலாம்."

"கூரையக் கழட்டுறதா! அதெல்லாம் நம்ம ஊருக்கு வந்துருச்சா?"

"சக்கரம் நல்ல அகலம். மண்ணுலகூடப் போகும்."

"அப்ப முதல்ல வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போயி மந்திரிச்சிருவோம். அதுவரைக்கும் வேற எங்கயும் எடுக்காதீங்க."

இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாமா வயலுக்கு மருந்தடிக்கிற மிஷின் வாங்கியபோதுகூடப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்தவர். புதுப் பொருள் எதுவானாலும் தீர்த்தம் படாமல் அவர் வீட்டுக்குள் வராது. பிள்ளைகள் வண்டிக்கும் செய்வார் என்று நினைத்தேன். கார் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் 'வண்டி எடுத்தோம்' என்று சொன்னால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தோம். கிராமத்துக்கு நாலு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். இரண்டு பக்கமும் சம்பாக் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. மடக்கிய வண்டியை ஆட்டோவின் பின்னால் கட்டியிருந்தோம்.

மாமா வீட்டு வேலியில் இரண்டு கம்பைப் பிடுங்கியிருந்தார்கள். வழி அகலமாகியிருந்தது. வாசலில் கிடந்த வைக்கோல் போர் கொல்லைக்குப் போயிருந்தது. முருங்கை மரத்தில் ஒரு கிளை வெட்டப்பட்டிருந்தது. மாமா வெள்ளை வேட்டி சட்டையோடு நின்றார். நாற்காலியில் செவ்வந்தி மாலை. அக்கம்பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். அடுத்த வீட்டு வாசலில், தன் வெள்ளைக் காரில் சாய்ந்தபடி, மாமாவின் தம்பி ஆரோக்கியம். மஸ்கட்டில் இருக்கும் மகன் அனுப்பிய காசில் வாங்கிய கார் அது.

"வாங்க மாப்ள. வண்டி ரோட்டுலயா நிக்குது? உள்ள கொண்டாங்க. வழி பண்ணி வச்சிருக்கேன்."

"இதோ மாமா" என்று நான் கயிற்றை அவிழ்த்து, வண்டியைத் தரையில் வைத்து, கடையில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒரே இழுப்பில் விரித்தேன். 'டக்' என்று அழகாக நின்றது. எல்லோரும் எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கீழே பார்த்தார்கள்.

"அண்ணே," என்றார் ஆரோக்கியம், "இது பெட்ரோலா, டீசலா?"

சிரிப்பு வெடித்தது. "மைலேஜ் என்ன குடுக்கும்?" என்று ஒரு பெண் கேட்டாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஏதோ விளையாட்டு என்று நினைத்து, "பால் குடுத்தா ஓடும்" என்று நானும் ஒரு ஜோக் சொன்னேன். என் ஜோக்குக்கு அவ்வளவு பேர் சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே திரும்பினேன். மாமா சிரிக்கவில்லை.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "மாப்ள சரியாத்தான் சொல்லியிருப்பார்." மாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுக்களையில் ஸ்டெல்லா, வந்திருந்த பெண்களிடம் கேட்ட விவரத்தைச் சொன்னாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு வருடமாக வரப்புத் தகராறு. பொது வரப்பைத் தம்பி ஒரு சாண் வெட்டிவிட்டார் என்று கோபம். அன்றிலிருந்து மாமா தம்பியின் காரில் கால் வைப்பதில்லை. முட்டி வலியால் பஸ்ஸிலும் ஏற முடியாமல், வேளாங்கண்ணிக்குப் போவதே நின்றுபோனது. கிறிஸ்துமஸ் பூசை முடிந்து கோயில் வாசலில் தம்பி, "வாண்ணே, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கூப்பிட்டிருக்கிறார். மாமா ஊர் முன்னால், "என் மாப்ள வண்டி எடுத்துட்டார். பொங்கலுக்கு அதுலதான் போவேன்" என்று சொல்லிவிட்டார். இனி தம்பி காரில் ஏறினால் தோற்ற மாதிரி. போகாவிட்டால் ஊர் வாயில் விழ வேண்டும்.

"ஒரு போட்டோ அனுப்பியிருக்கலாம்ல?" என்றாள் ஸ்டெல்லா. நான் கடையில் மாட்டிக்கொண்ட போட்டோ அவளிடம் இருந்தது. அதை அனுப்பியிருந்தால்கூடப் போதும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமா குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். "கிளம்புங்க. பஸ்ஸு போயிரும்."

ஆரோக்கியம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்தார். "அண்ணே, நேத்துப் பேசுனத மனசுல வச்சுக்காத. முட்டிய வச்சுக்கிட்டு எப்படி பஸ்ல ஏறுவ? வா, நம்ம வண்டியில போவோம்."

"மாப்ள வண்டியிலதான் போவேன்னு சொன்னேன். மாப்ள வண்டியோடதான் போறேன். நீ உன் சோலியப் பாரு."

"அப்ப நான் பின்னாடி வர்றேன்."

"கவர்மெண்டு ரோடு. வந்தா வா."

பாதை இதுதான்: கிராமத்திலிருந்து நீடாமங்கலம் வரை ஆட்டோ. அங்கிருந்து பஸ்ஸில் திருவாரூர் இருபத்தேழு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அங்கிருந்து நாகப்பட்டினம் இருபத்தைந்து. பிறகு வேளாங்கண்ணி பன்னிரண்டு. மூன்று பஸ். கைக்குழந்தையோடு போகிறவர்கள் திருவாரூரிலேயே நேரடி பஸ் இருக்கிறதா என்று விசாரித்து ஏறுங்கள். நாங்கள் விசாரிக்கவில்லை. மாமாவுக்கு எங்கேயும் நிற்கப் பொறுமையில்லை.

முதல் பஸ்ஸில் கண்டக்டர் வண்டியைப் பார்த்து, "இது என்னங்க, மடக்குக் கட்டிலா?" என்றார்.

"பிள்ளைங்க வண்டி."

"வண்டிய வண்டியில ஏத்துறீங்களா? லக்கேஜ் போடணும்." போட்டார். படியில் மாமாவைக் கண்டக்டர் மேலிருந்து இழுக்க, நான் கீழிருந்து தாங்கினேன். ஏறும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. மூன்று பஸ்ஸிலும் இதே கதை. ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியாகப் பார்த்தால், கொஞ்சம் தள்ளிப் பின்னால் அந்த வெள்ளைக் கார் நின்றது.

வேளாங்கண்ணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வண்டியை விரித்து, பிள்ளைகளை உட்காரவைத்துப் பெல்ட் மாட்டினோம். மாமா கொஞ்ச தூரம் நடந்து, முட்டியில் கையை ஊன்றி நின்றுவிட்டார். "ஆட்டோ பிடிக்கட்டுமா மாமா?" என்றேன். பக்கத்தில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் வண்டியின் பின்கம்பியைப் பிடித்தார். பிடித்தவர் ஒரு அடி எடுத்து வைத்தார். வண்டி உருண்டது. இன்னொரு அடி.

"மாப்ள," என்றார். "இது கையில நல்லா நிக்குதே."

உள்ளே இரண்டு பிள்ளைகள், சோற்று மூட்டை, தண்ணீர் என்று முப்பது கிலோ கனம். அதனால் வண்டி தூக்கவில்லை, சாயவில்லை. கம்பி அவருடைய இடுப்புக்குச் சரியாக இருந்தது. பாதிப் பாரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கடைகளுக்கு நடுவே சீராக நடந்தார். முட்டிக்கு நோவு தெரியவில்லை என்றார். (உங்கள் வீட்டுப் பெரியவர்களை இப்படி நடக்கவிடுவதாக இருந்தால் இறக்கத்தில் நீங்களும் கூடவே பிடித்துக்கொள்ளுங்கள். இது ஊன்றுகோல் இல்லை.) ஜெனி, "தாத்தா, வேகமா!" என்றாள். தாத்தா வாயாலேயே ஹாரன் அடித்தார். நேற்றைய விஷயம் கழுவிப்போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு திறந்த இடத்தில் புது வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மாலை போட்ட கார்கள், ஒரு டிராக்டர், சின்ன லோடு வண்டிகள், பைக்குகள். சாமியார் வந்து ஒவ்வொன்றாக மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். மாமா நேராக அந்த வரிசைக்குள் வண்டியைத் திருப்பினார். ஒரு லோடு வண்டிக்கும் பெரிய கறுப்புக் காருக்கும் நடுவே நிறுத்தி, பையிலிருந்து அந்தச் செவ்வந்தி மாலையை எடுத்து முன்னால் கட்டினார்.

லோடு வண்டி டிரைவர் எட்டிப் பார்த்தார். "பெரியவரே, இது வண்டி மந்திரிக்கிற வரிசை."

"தெரியும் தம்பி. இதும் புது வண்டிதான்."

"ஆர்.சி. புக்கு இருக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். நான் அந்தக் கறுப்புக் காரைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் வருகிற மாடல். அதன் கதவு ரப்பரை நானே ஒட்டியிருக்கலாம். அதன் சொந்தக்காரன் என்னைவிடச் சின்னப் பையன், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

என் போன் அடிக்கவில்லை. இருந்தாலும் எடுத்துக் காதில் வைத்தேன். "ஹலோ, ஹலோ, கேக்கல" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன். பலூனும் பிளாஸ்டிக் பொம்மையும் தொங்கும் ஒரு கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பேசுவது கேட்கும் தூரம்தான். ஜெனி, "அப்பா எங்க?" என்று கழுத்தை நீட்டித் தேடியது தெரிந்தது. ஒரு பலூனை இழுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். கடைக்காரர், "வேணுமா சார்?" என்றார். தலையாட்டினேன், எதற்கு என்று எனக்கே தெரியாமல்.

அப்போது ஆரோக்கியம் வந்தார். காரை எங்கேயோ நிறுத்திவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு. இங்கேயும் டீசல், பெட்ரோல் என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று பலூனை இன்னும் மேலே தூக்கிக்கொண்டேன். அவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். அண்ணன் பக்கத்தில் போய் நின்றார்.

"என்ன தம்பி சிரிப்பு?" என்றார் லோடு வண்டி டிரைவரிடம். "எங்க வீட்டு வண்டி. மந்திரிக்க வந்திருக்கோம்."

அந்த டிரைவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து இடம் விட்டார். மாமா தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கம்பியில் இருந்த கையைச் சற்று நகர்த்திக்கொண்டார்.

சாமியார் வந்தார். வண்டியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "யாரோட வண்டி?"

"எங்க மாப்ளயோட வண்டி ஃபாதர்" என்றார் மாமா.

"மாப்ள எங்க?"

மாமா கூட்டத்தின் பக்கம் தலையைத் திருப்பினார். "பிள்ளைங்களுக்குத் தாகம். தண்ணி வாங்கப் போயிருக்கார்."

தண்ணீர் வண்டிக்குள்ளேயே இருந்தது. ஸ்டெல்லா நேராக நான் நின்ற பலூன் கடையைப் பார்த்தாள். நான் ஓடினேன். பலூன் கடைக்காரர் பின்னால் இருந்து, "சார், இருபது ரூவா!" என்று கத்தினார். அந்தப் பலூன் என் கையிலேயே இருந்தது. அதோடுதான் போய் நின்றேன்.

"ஓட்டுறவர் கை வைங்க" என்றார் சாமியார். மாமா கம்பியில் பாதியை விட்டுக் கொடுத்தார். அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஜோயல் வாயைத் திறந்து பிடிக்கப் பார்த்தான். ஜெனிக்குப் பலூன் கிடைத்த சந்தோஷம். "ரொம்ப வேகமாப் போகாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சாமியார் அந்தக் கறுப்புக் காரிடம் போனார்.

பூசை பார்த்து, சோற்று மூட்டையைப் பிரித்துச் சாப்பிட்டு முடிக்கும்போது மாமாவுக்குக் கால் வீங்கியிருந்தது. திரும்ப மூன்று பஸ். ஆரோக்கியம் இலையைச் சுருட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "நான் தனியாத்தான் வந்திருக்கேன். வண்டி சும்மாதான் போகுது" என்றார்.

மாமா பிள்ளைகள் வண்டியின் கம்பியைத் தட்டினார். "இந்த வண்டி உன் டிக்கியில ஏறுமா?"

"ஏறும்ணே."

"அப்ப மாப்ள வண்டி எதுல போகுதோ, அதுலயே நானும் வர்றேன்."

இரண்டு பேரும் சேர்ந்துதான் வண்டியை மடக்கி டிக்கியில் வைத்தார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயம். மணலிலும் மண் ரோட்டிலும் போக வேண்டுமென்றால் சக்கரத்தின் அகலத்தை முதலில் பாருங்கள், நிறத்தைப் பிறகு. பின்கம்பி அவசியம். வீட்டில் நடக்கச் சிரமப்படுகிறவர்கள் இருந்தால் அவர்களைக் கடைக்கு அழைத்துப்போய் உயரம் பாருங்கள். பிரேக்கைக் காலால் அழுத்திப் பாருங்கள். கார் டிக்கியில் வைக்க எங்களுக்குப் பின்சக்கரம் இரண்டையும் கழற்ற வேண்டியிருந்தது. கழற்ற முடியாத மாடலும் விற்கிறார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ஏறுங்கள், லக்கேஜ் காசுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போன் செய்து சொல்லும்போது படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். உள்ளே ஏறி உட்காராதீர்கள்.

திரும்பி வரும்போது மாமா முன்சீட்டில் இருந்தார். நாங்கள் பின்னால். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். திருவாரூர் தாண்டியதும் அவர் திரும்பாமலேயே கேட்டார்.

"தண்ணி கெடைக்கலியா மாப்ள? பலூனோட வந்தீங்க."

"கடையில கூட்டம் மாமா."

"மாதா கோயில்ல என்னைக்கும் கூட்டந்தான்" என்றார். கால் பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்துத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார். "இந்தாங்க. குடிங்க."

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிக் குடித்தேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது வாய்வரை வந்தது, சொல்லவில்லை: தண்ணி வாங்கப் போகல மாமா, உங்க பக்கத்துல நிக்க வெக்கமா இருந்துச்சு.